மெமோ எழுதும் முன் அலமாரியைத் திறந்து பாருங்கள்

மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும், வணக்கம்.

மருந்து மாறிப்போனால் முதலில் வருவது மெமோ. டியூட்டியில் இருந்தது யார், ஏன் கவனிக்கவில்லை, உடனே விளக்கம் தரவும். அந்த மருந்து எந்தத் தட்டில், எதன் பக்கத்தில் இருந்தது என்ற கேள்வி மட்டும் அதில் இருக்காது.

உடலில் பொட்டாசியம் குறைந்தவர்களுக்குத் தரும் பொட்டாசியம் குளோரைடையே எடுத்துக்கொள்ளுங்கள். 15 சதவீத ஆம்பூல் (சிறு மருந்துக் குப்பி), 10 மில்லி. அதற்குள் 20 மில்லிஈக்விவலண்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) பொட்டாசியம். ட்ரிப்பில் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ஊசி மருந்து கரைக்கும் ஸ்டெரைல் வாட்டரும் அதே 10 மில்லி, அதே நிறமற்ற திரவம், பல வார்டுகளில் அடுத்த பெட்டியிலேயே இருக்கும். லேபிளைப் படித்துத்தான் எடுக்க வேண்டும், மறுக்கவில்லை. ஒருமுறை படிக்கத் தவறினால் உயிர் போகும்படி அடுக்கியது யார் பிழை? பொது வார்டிலிருந்து பொட்டாசியம் ஆம்பூலை எடுத்துவிடுங்கள். மருந்தகமே கலந்து தரட்டும். அது முடியாத இடத்தில் தனிப் பூட்டு, தனிச் சாவி, எச்சரிக்கை லேபிள்.

வார்டில் கலந்தாலும் சிக்கல் உண்டு. தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசி குத்திப் பொட்டாசியத்தைச் சேர்த்தால், கனமான கரைசல் அடியில் தங்கி முதலில் அதுவே இறங்கும். ட்ரிப்பை மூடி, பாட்டிலைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, குறைந்தது 10 தடவை தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். கைநரம்பு வழி என்றால் வழக்கமான உச்ச வேகம் மணிக்கு 10 மில்லிஈக்விவலண்ட். வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் பம்ப் தராமல், ட்ரிப் குழாயின் ரோலரைத் திருகியே அந்த வேகத்தைக் காப்பாற்றச் சொல்லாதீர்கள். நோயாளி முழங்கையை மடக்கினாலே துளி மாறிவிடும்.

இன்சுலினில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு வலிமைகளும் ஒரே ஃப்ரிட்ஜில் இருக்கின்றன. 100 யூனிட் குப்பியிலிருந்து 40-க்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 வரை இழுத்தால், உடம்பில் ஏறுவது 25 யூனிட். இது கணக்குத் தெரியாமல் நடப்பதில்லை. ஸ்டோரில் அன்று 100-க்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் தீர்ந்திருக்கும். மருத்துவமனைக்கு ஒரே வலிமை, அதற்கான ஒரே சிரிஞ்ச் என்று வாங்குங்கள். கேஸ் ஷீட்டில் ‘யூனிட்’ என்பதை முழுதாக எழுதச் சொல்லுங்கள். 4-ஐ ஒட்டிக் கிறுக்கிய ‘யு’ எழுத்து சுழியாகத் தெரிந்தால் அது 40. டாக்டர்களிடம் இதைச் சொன்னால் எடுபடும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்தான்.

இரட்டைச் சரிபார்ப்பு பற்றியும் சொல்ல வேண்டும். “சிஸ்டர், இது 5 மில்லிதானே?” “ஆமா.” இதில் எதுவும் சரிபார்க்கப்படவில்லை. இரண்டாமவர் கேஸ் ஷீட்டையும் குப்பியையும் பார்த்துத் தானே கணக்குப் போட வேண்டும். அதுவரை முதலாமவர் விடையைச் சொல்லக் கூடாது. இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம், மார்ஃபின், கீமோ மருந்துகளுக்கு இதைக் கட்டாயமாக்குங்கள். பாராசிட்டமாலுக்கும் இரண்டு கையெழுத்து கேட்டால் எல்லாவற்றுக்கும் பார்க்காமலே கையெழுத்து விழும். சரி, இரவில் ஒரே ஒரு செவிலியர் இருக்கும் வார்டில் அந்த இரண்டாமவர் யார்? படிவத்தில் கட்டம் மட்டும் இருக்கிறது.

நோயாளியிடம் போகும் முன்பே பிடிபட்ட தவறுகளைப் பெயர் போடாமல் எழுத வார்டுதோறும் ஒரு நோட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை அதைப் படித்து, எந்தத் தட்டை மாற்றினீர்கள், எந்தச் சிரிஞ்சை நிறுத்தினீர்கள் என்று அதன் கீழேயே உங்கள் கையால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வார்டு செவிலியர்கள்