தம்பிக்கு, சத்தியப் பிரமாணத்துக்கு முன்

அன்புள்ள தம்பி,

அடுத்த வாரம் எனக்கு அமெரிக்கக் குடியுரிமைச் சத்தியப் பிரமாணம். தேதியை அம்மா சொல்லியிருப்பாள். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், வாட்ஸப்பில் நீல டிக் விழுவதோடு சரி. ஆனால் நான் இங்கே எழுதுவதை ஒன்று விடாமல் படிக்கிறாயாம், அதையும் அம்மாதான் சொன்னாள். அதனால் இங்கேயே எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள், தெரியும். அதனால் நிலத்தைப் பற்றி எதுவும் எழுதப் போவதில்லை. ஓசிஐ கார்டு (வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்தியர்களுக்கு இந்தியா தருவது) வைத்திருப்பவர் விவசாய நிலம் வாங்க முடியாது, பூர்வீகமாக வருவதற்குத் தடை இல்லை. சட்டம் அவ்வளவுதான். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

தேர்வில் தேறிவிட்டேன். படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வரி: அமெரிக்கக் குடியுரிமை கேட்பவர்களிடம் இந்த நாட்டு அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று வாய்மொழியாகக் கேட்பார்கள். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட பட்டியல், அதிலிருந்து 20 கேட்பார்கள், 12 சரியாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்கு 100 கேள்விகள், பத்துக்கு ஆறு போதும். உனக்கு இதெல்லாம் தலைகீழாகத் தெரியும். என்னைப் படிக்க வைத்தவனே நீதானே.

அந்த ஒரு ராத்திரியைப் பற்றி மட்டும் எழுதிவிடுகிறேன். இங்கே ஒன்பதரை, உனக்குக் காலை எட்டு. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், போனைக் குழாய்க்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தேன். நீ கோச்சிங் சென்டரில் முந்தின நாள் வகுப்பை அழித்துக்கொண்டிருந்தாய். 'ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஏன் இரண்டு செனட்டர்கள்?' என்று பட்டியலில் இருந்த கேள்வியைப் படித்தேன். விடை ஒரே வரிதான். ஆனால் நீ டஸ்டரை வைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தாய்.

கரும்பலகையில் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் அமெரிக்க மேலவையான செனட், அந்தப் பக்கம் நம் மாநிலங்களவை. பதவிக்காலம் ஆறு வருஷம், இரண்டுக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் மாறுவது, இரண்டுக்கும். தலைமை தாங்குவது நாட்டின் துணைக் குடியரசுத் தலைவர், இரண்டுக்கும். 1913 வரை செனட்டர்களையும் மாநிலச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன, நம்மூர் மாதிரியே என்றாய். அப்புறம் கீழே இறங்கி, எந்த மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர் என்று எழுதினாய். உத்தரப் பிரதேசம் 31, தமிழ்நாடு 18, சிக்கிம் 1. எதிர்ப்பக்கம் கலிபோர்னியா 2, வயோமிங் 2. ஏறக்குறைய நான்கு கோடிப் பேர் இருக்கிற மாநிலத்துக்கும், ஆறு லட்சம்கூட இல்லாத மாநிலத்துக்கும் ஒரே எண்ணிக்கை. "இது என்ன நியாயம்?" என்றேன்.

அமெரிக்க அரசியல் சாசனத்தை எழுதிய 1787 பிலடெல்பியாவுக்குப் போய்விட்டாய். பெரிய மாநிலங்கள் மக்கள்தொகைப்படி இடம் கேட்டதையும், நான் குடியிருக்கிற நியூஜெர்சிதான் எல்லாருக்கும் சமமாக வேண்டும் என்று தனித் திட்டத்தோடு எழுந்து நின்றதையும் சொன்னாய். கடைசியில் கீழவை மக்கள்தொகைப்படி, மேலவை சமமாக என்று கனெக்டிகட்காரர்கள் கொண்டுவந்த சமரசம். அந்தச் சமத்தை ஒரு மாநிலத்திடமிருந்து அதன் சம்மதம் இல்லாமல் பறிக்க முடியாது என்று அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். "நியாயம் வேற அக்கா, பயம் வேற. சின்னவன் பெரியவனோட சேரணும்னா அவன் பயத்துக்கு ஒரு வழி பண்ணணும்" என்றாய். உடனே தொகுதி மறுவரையறைக்குத் தாவினாய். 1971 கணக்கெடுப்பில் நிறுத்தி வைத்த நம் 39 தொகுதிகள், குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலத்துக்கு அதுவே வினையாகிவிடுமோ என்ற கவலை. பையன்கள் ஒவ்வொருவராக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நீ போனைத் திருப்பி, "எங்க அக்கா, அமெரிக்கால பாலிட்டி படிக்குது" என்று காட்டினாய். அத்தனை சந்தோஷமான முகத்தை உன்னிடம் ரொம்ப வருஷமாக நான் பார்க்கவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, மூடத் தோன்றவில்லை.

நேர்காணலில் அந்தக் கேள்வியே வந்தது. சமமான பிரதிநிதித்துவம், சின்ன மாநிலங்களுக்காக என்றேன். அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனார். பன்னிரண்டு சரியானதும் நிறுத்திவிட்டார். கரும்பலகை முழுவதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

சந்தோஷத்தில் சத்தியப் பிரமாண வாசகத்தை உனக்கு அனுப்பினேன். அதில் மற்ற எந்த நாட்டுக்கும் கொண்ட விசுவாசத்தை முழுக்கத் துறக்கிறேன் என்ற இடத்தைப் படித்துவிட்டு நீ பேசுவதை நிறுத்தினாய். 1955 குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவை எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நீதான். வேறு குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்பது உனக்குத் தெரியாதா? தெரிந்துதானே அத்தனை நாள் கேள்வி கேட்டாய்?

மன்னித்துக்கொள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எதற்கு என்று யோசித்தால் கோபம் வருகிறது. இங்கே எல்லா வரியும் கட்டுகிறேன், பள்ளி வாரியத்துக்குக்கூட ஓட்டுப் போட முடியாது. அங்கே 2010 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வாக்காளர் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கலாம், ஆனால் தேர்தலன்று வாக்குச்சாவடியில் நேரில் நிற்க வேண்டும். ஒருமுறையாவது லீவு கிடைத்ததா? ஏன் இத்தனை வருஷம் கழித்து இப்போது என்று கேட்கிறவர்களுக்கு இங்கே பதில் சொல்ல விருப்பமில்லை. கிரீன் கார்டோடு இருக்கிறவர்களுக்குப் புரியும்.

நீ எனக்குச் சொல்லாத ஒன்றையும் படித்தேன். 1923இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர், அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். வெள்ளையர் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். முன்பே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் சிலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். 1946இல்தான் சட்டம் மாறியது. அப்படி மாறியதால் 1949இல் குடியுரிமை பெற்ற தலிப் சிங் சௌந்த் 1956இல் கலிபோர்னியாவில் நின்று காங்கிரசுக்கே, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போனார். அவர்களுக்கெல்லாம் மூடியிருந்த கதவு எனக்குத் திறந்திருக்கும்போது வாசலிலேயே நிற்கச் சொல்கிறாயா?

நீ குரூப் ஒன் மெயின்ஸ் வரை போய் நின்றபோது உன்னைவிட அதிகம் அழுதது நான். பீஸ் கட்டியது யார் என்ற பேச்சை எடுக்க மாட்டேன், பலர் படிக்கிற இடம். உனக்குக் கிடைக்காததை நான் எடுத்துக்கொண்டது போல ஏன் முகத்தைத் திருப்புகிறாய்? கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன், அழிக்கப் போவதில்லை. அந்தப் பையன்களில் இரண்டு பேர் குரூப் டூவில் தேறியது அம்மா சொல்லித் தெரியும். அதை நீயே சொல்லியிருக்கலாம்.

நவம்பரில் தேர்தல். கீழவையின் 435 இடங்களுக்கும், எங்கள் மாநிலத்தின் இரண்டு செனட் இடங்களில் ஒன்றுக்கும். கவுண்டி, டவுன்ஷிப், பள்ளி வாரியம் என்று வாக்குச்சீட்டு நீளும். மாதிரிச் சீட்டு கைக்கு வந்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கவுண்டி கமிஷனர் என்பவர் நம்மூர் மாவட்டக் கவுன்சிலர் மாதிரியா, கலெக்டர் மாதிரியா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பலகையில் ஒரு கோடு போட்டு நீதான் சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்குப் பண்ணு, முழித்திருப்பேன்.

அக்கா