வெல்ஷ் வழிப் பள்ளி எல்லோருக்கும்தான்

ஆசிரியருக்கு,

பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸின் நாடாளுமன்றம் 2025இல் நிறைவேற்றிய வெல்ஷ் மொழி, கல்விச் சட்டம் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். 2050க்குள் 10 லட்சம் பேர் வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷைப் பேச வேண்டும் என்ற இலக்கை நன்றாக விளக்கிய கட்டுரையாளர், வெல்ஷ் வழித் தொடக்கப்பள்ளிகளில் யார் படிக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். 1939இல் அபெரிஸ்ட்வித் நகரில் 7 பிள்ளைகளுடன் தொடங்கிய முதல் பள்ளி, வெல்ஷ் பேசும் குடும்பங்களை நினைத்துத் தொடங்கப்பட்டது. இன்று வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் அப்பள்ளிகளுக்கு வரும் பலரின் வீட்டில் வெல்ஷ் கிடையாது. சுமார் ஏழு வயது வரை எல்லாமே வெல்ஷில்தான். அப்புறமே ஆங்கிலம் தனிப் பாடமாக வருகிறது.

தமிழ் பேசும் எங்கள் வீட்டுப் பெண்ணும் அப்படித்தான் படிக்கிறாள். முதல் ஆண்டு முடிவதற்குள் தோழிகளுடன் வெல்ஷில் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டாள், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. ஆனால், இப்படியொரு பள்ளி அருகில் இருப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அறிந்தோம். பள்ளிச் சேர்க்கைக்கு விண்ணப்பித்த இடத்தில் இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. குடியேறியவர்களுக்கு வெல்ஷ் வேண்டியிராது என்று பிறர் முடிவு செய்வது சரியல்ல. சேர்க்கைப் படிவத்தோடு, அருகிலுள்ள வெல்ஷ் வழிப் பள்ளியின் விவரத்தையும் எல்லாப் பெற்றோருக்கும் உள்ளாட்சி மன்றங்கள் அனுப்ப வேண்டும்.

ஒரு பெற்றோர்,
கார்டிஃப்