ஈர மலைப்பாதையில் ஒரு கோடு

ஆசிரியருக்கு,

மரங்கள் அடர்ந்த மலைப்பாதையில் சென்ற ஞாயிறன்று மவுன்டன் பைக்கில், அதாவது மலைப்பாதைக்கான சைக்கிளில், இறங்கிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் மழை. ஒரு வளைவில் பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்ததும் சக்கரம் சுழலாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. விழவில்லை, சரி. ஆனால் திரும்பிப் பார்த்தால் மண்ணில் நீளமாக ஒரு கோடு. அடுத்த மழைக்கு நானே வாய்க்கால் வெட்டிக் கொடுத்திருக்கிறேன்!

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் இதமாகப் பிடித்திருக்க வேண்டும். சேற்றுக் குட்டையைக் கண்டு ஓரமாக ஒதுங்குவதும் தப்புதான். ஒற்றையடிப் பாதை அப்படித்தான் அகலமாகிறது. நடுவிலேயே ஓட்டலாம். துணியைத் துவைத்துக்கொள்ளலாமே.

1976இல் கலிபோர்னியாவின் மரின் மலைச்சரிவில் சைக்கிள் பந்தயம் விட்டவர்களுக்கு ஒரே இறக்கத்தில், பின்சக்கர அச்சுக்குள் இருக்கும் பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்துபோய், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. இன்றைய டிஸ்க் பிரேக்குக்கு ஒரு விரல் போதும். அதனால்தானோ என்னவோ, எதிரே ஆள் நடந்து வந்தாலும் சிலர் கடைசி நொடியில்தான் பிடிக்கிறார்கள். நடப்பவர்களுக்கும் ஏறி வருபவர்களுக்கும் இறங்குபவர்தான் வழிவிட வேண்டும். அப்புறம், மணி ஒன்று மாட்டிக்கொள்வதில் என்ன கூச்சம்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்