பழைய பெயர், புதுப் பெயர்: நம் தாவர ஆர்வலர் சங்கத்தின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், அதனால் பணத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கப்போவதில்லை. மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் சேலத்தில் நடந்தன, ஏற்காடு நடை மழையால் தள்ளிப்போனது, அவ்வளவுதான். இந்த ஆண்டு நம் நேரத்தை விழுங்கியது செடிகளின் அறிவியல் பெயரைத் தேடிக் கொடுக்கும் வேலை.

கேட்டு வருகிறவர்களில் தாவரவியல் படித்தவர்கள் குறைவு. நர்சரிக்காரர்கள், நாட்டு மருந்துக் கடைக்காரர்கள், பள்ளித் தோட்டத்துக்குப் பலகை எழுதும் ஆசிரியர்கள், காபி எஸ்டேட்டில் நிழல் மரம் கணக்கெடுப்பவர்கள் என்று பலர். எல்லோருக்கும் ஒரே குழப்பம்தான்: புத்தகத்தில் ஒரு பெயர், போனில் இன்னொன்று, எது சரி?

கருவேலத்தை அகேசியா நிலோட்டிகா என்றுதான் நாமெல்லாம் படித்தோம். முதல் பாதி நெருங்கிய இனங்களைச் சேர்த்த பேரினத்தின் பெயர், இரண்டாம் பாதி அந்த ஒரு இனத்துக்கு. அகேசியா என்று சேர்த்து வைத்திருந்தது ஒரே வம்சம் இல்லை என்று தெரிந்து பிரிக்க வேண்டி வந்தபோது, அந்தப் பெயர் யாருக்கு என்று பெரிய சண்டையே நடந்து, 2005இல் வியன்னாவில் கூடிய உலகத் தாவரவியல் மாநாட்டில் ஆஸ்திரேலிய இனங்களுக்கு என்று முடிவாகி 2011இல் மெல்போர்னில் உறுதியானது. அங்கே ஆயிரத்தை ஒட்டி இனங்கள் இருக்கின்றன, நம் பக்கம் தலை எண்ணிக்கை போதாது. ஆக நம் கருவேலமும் வெள்வேலமும் இப்போது வாச்செல்லியா. சீமைக்கருவேலமும் 2022இல் புரோசோபிஸை விட்டு நெல்டூமாவுக்குப் போய்விட்டது, வன்னி மட்டும் புரோசோபிஸாகவே நிற்கிறது.

"அப்போ பழைய பெயர் தப்பா?" என்று கேட்பவர்களுக்குக் கற்பூரவள்ளியைக் காட்டுகிறோம். 1790இல் கோலியஸ் அம்போய்னிகஸ், பிறகு நெடுங்காலம் பிளெக்ட்ராந்தஸ், 2019 ஆய்வுக்குப் பின் மறுபடியும் கோலியஸ். பழைய பெயரைத் தூக்கிப் போட்டவர்கள் இப்போது திரும்ப எடுக்க வேண்டியதுதான். அதனால் பலகை எழுதுகிறவர்களிடம் நம் சங்கம் சொல்வது ஒன்றே: தமிழ்ப் பெயர், இன்றைய பெயர், பழைய பெயர் மூன்றையும் எழுதுங்கள். 1915இல் வெளிவரத் தொடங்கிய கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலைத் திறந்தால் அங்கே பழைய பெயரில்தான் தேட முடியும்.

தேடும் முறை கஷ்டமில்லை. லண்டன் கியூ தோட்டத்தின் உலகத் தாவரங்கள் தளம் இலவசம், பழைய பெயரைப் போட்டால் இன்றைய பெயருக்கு அதுவே அழைத்துப் போகும். முதல் பாதி மாறிவிட்டது என்று சந்தேகம் வந்தால் இரண்டாம் பாதியை மட்டும் போட்டுப் பாருங்கள், அது பெரும்பாலும் தங்கிவிடும். நம் சேர்வராயன் மலையின் பெயரைச் சுமக்கும் மரம் வெர்னோனியாவிலிருந்து மோனோசிஸுக்கு மாறியும் செவராயென்சிஸ் என்ற பாதியை விடவில்லை. வால் எழுத்து மட்டும் மாறலாம்: செடிகளுக்கு இந்த இரண்டு பாதிப் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் புங்கத்துக்கு வைத்தது சைட்டிசஸ் பின்னாட்டஸ், இப்போது பொங்கேமியா பின்னாட்டா. அறிவியல் பெயருக்குப் பின்னால் ஆள் பெயரும் வரும்: அடைப்புக்குறிக்குள் இருப்பவர் முதலில் பெயர் வைத்தவர், வெளியே இருப்பவர் இடம் மாற்றியவர். அதை வெட்டிவிடாதீர்கள், ஒரே பெயரை இரண்டு பேர் இரண்டு செடிக்கு வைத்த கதைகள் உண்டு.

தளங்கள் எல்லாம் ஒத்துப்போகும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். புங்கத்தைச் சிலர் மில்லெட்டியா என்கிறார்கள், கியூ பொங்கேமியா என்கிறது. எந்தத் தளம், எந்தத் தேதி என்று பக்கத்தில் குறித்துவைத்தால் பிறகு சண்டை வராது. தி பிளாண்ட் லிஸ்ட் என்ற பட்டியலை இன்னும் சிலர் பார்க்கிறார்கள். அது 2013க்குப் பிறகு புதுப்பிக்கப்படவே இல்லை.

அப்புறம் கருங்காலி. மாலை வாங்கியவர்கள் விடாமல் கேட்டார்கள். சித்த மருத்துவத்தில் கருங்காலி என்பது செனெகாலியா கட்டேச்சு, பழைய அகேசியா கட்டேச்சு. கறுப்பு மரச்சாமானுக்குப் பேர்போன கருங்காலி டயோஸ்பைரோஸ் எபெனம், குடும்பமே வேறு. மணியைப் படம் எடுத்து அனுப்பி எது என்று கேட்டால் நம்மால் சொல்ல முடியாது, சாயம் பூசின கட்டையாகக்கூட இருக்கலாம். மாலையின் பலன் பற்றிய கேள்விகளுக்குச் சங்கம் பொறுப்பல்ல.

வரும் ஆண்டில் பள்ளிப் பலகைகளைத் திருத்தி எழுத வேண்டும், அதற்கு நல்ல கையெழுத்து உள்ளவர்கள் தேவை. பெயர் கேட்டு வரும் அழைப்புகளை இப்போது நாலைந்து பேர்தான் எடுக்கிறோம், முறைவைத்துக்கொள்ள இன்னும் சிலர் வந்தால் நல்லது. படம் அனுப்புகிறவர்களிடம் பூவோடு இலையும் காயும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். நிர்வாகிகள் தேர்தல் தேநீருக்குப் பிறகு.

செயலாளர்