கணினிக் கோப்பில் முடங்கிக் கிடக்கும் ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெபியன் லினக்ஸ் என்னும் கணினி இயங்குதளத்தை இணைய இணைப்பின்றி டிவிடியிலிருந்து நிறுவும்போது, மென்பொருள்களைப் பெறும் இடங்களான களஞ்சியங்களின் முகவரிகளைக் கொண்ட 'சோர்ஸஸ்.லிஸ்ட்' கோப்பில் டிவிடிக்கான வரி மட்டும் செயலில் இருக்க, பாதுகாப்புத் திருத்தங்களுக்கான வரியைச் சரிபார்க்க இயலாததால் நிறுவும் நிரலே '#' குறியிட்டு முடக்கிவிடுகிறது. பின்னர் இணையம் கிடைத்தாலும் அக்குறி தானாக நீங்குவதில்லை.

அண்மையில் நான் பார்த்த ஒரு பள்ளி ஆய்வகத்தில், புதிய மென்பொருள் கேட்டபோதெல்லாம் கணினிகள் பழைய டிவிடியைச் செருகச் சொல்லின. இணையம் வந்து ஓராண்டாகியும் ஒரு பாதுகாப்புத் திருத்தம்கூட அவற்றில் ஏறவில்லை என்பது என்னை மிகவும் வருத்தியது. குறியை நீக்கி, களஞ்சிய முகவரியைச் சேர்க்க ஒரு கணினிக்கு ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. நிறுவித் தருபவர்கள் ஒப்படைக்கும் முன் இக்கோப்பைத் திறந்து பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர், தேனி