பெரியவர்களுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் சிறுவர் பக்கத்தை நான் விடாமல் பார்க்கிறவன். முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்துவிட்டு ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மேகமானால் என்ன செய்வேன், என் வீட்டுக்குச் சிறகு முளைத்தால் எங்கே போவேன் என்று பிள்ளைகள் எழுதியும் வரைந்தும் அனுப்புகிறார்கள். பக்கத்தைப் புரட்டினால் பெரியவர்களுக்கு என்று இருப்பது சம்பளப் பேச்சுவார்த்தை, மண்சரிவு எச்சரிக்கை, மரண அறிவித்தல். அவையும் வேண்டியவைதான். ஆனாலும் பெரியவர்கள் கற்பனை செய்ய ஓர் அரைப் பக்கம் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையின் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்பக்க மேட்டிலிருந்து ஒரு கூடை மண்கூட விழவில்லை. ஆனால் அன்றிலிருந்து தகரத்தில் மழை சடசடவென்று இறங்கினால் என் தூக்கம் போய்விடும். மேடு வெடிக்கும். வாழை சாயும். அம்மா படுத்திருக்கும் மூலைச் சுவர் முதலில் போகும். ஒவ்வொரு இரவும் அதே வரிசைதான். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயம் என்னும் வரிசை வீடுகளோடு சனங்கள் புதைந்த பிறகும் சில மாதம் எனக்கு இப்படி இருந்தது. இந்தப் பக்கத்தில் மழைக்கு விழித்துக் கிடப்பவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று தெரியும்.

அப்படி ஓர் இரவு, ஒரு மணி இருக்கும், அடுத்த காம்பராவில் முணுமுணுப்புக் கேட்டது. போய்ப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"தூக்கம் வரலியாம்மா?"

"மலைக்குப் போய்க்கிட்டு இருக்கேன் தம்பி. ஏழாம் நம்பர். இப்பத்தான் கல்லுப் பாலத்தைத் தாண்டினேன்."

அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. இரண்டு கண்ணும் மங்கல். முப்பத்தாறு வருடம் கொழுந்து எடுத்தவர். ஒவ்வொரு இரவும் ஒரு மலைக்குப் போய் வருகிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்கிறார். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு ஸ்டோர் ரோட்டால் ஏறுகிறார். கல்லுப் பாலம், சாமிக் கல், சவுக்கு மரம் மூன்று சேர்ந்து நிற்கும் முடுக்கு. அப்புறம் தன்னுடைய நிரை. நான்காவது செடிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கிறது, அதனால் அந்தச் செடியில் மட்டும் கை மெதுவாகப் போகிறது. பத்துச் செடி தாண்டுவதற்குள் பெரும்பாலும் தூங்கிவிடுவாராம்.

இது வெறும் ஞாபகம் என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்கக் கேட்கத்தான் விளங்கியது, அம்மா அந்த மலையைத் திருத்தியும் வைத்திருக்கிறார். அங்கே அட்டை கிடையாது. மழை வந்தால் கொழுந்தைத் தராசில் நிறுத்து முடித்த பிறகுதான் வருகிறது. காலமாகிப்போன ஒரு சிநேகிதி பக்கத்து நிரையில் எடுத்துக்கொண்டு வருகிறார், அவருக்கு இன்னும் இருபத்தைந்து வயது.

அன்று இரவு என் இடத்துக்குத் திரும்பி வந்து நெடுநேரம் யோசித்தேன். மேடு சரிவதை நான் கண்டது எதனால்? அம்மா ஏழாம் நம்பரைக் கண்டது எதனால்? இரண்டும் ஒரே சாமான்தான். மனதில் ஒன்றைக் காணும்போது மூளையில் பார்வைக்குரிய பகுதிகளும் ஓரளவு வேலை செய்கின்றன என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் நடக்காத மண்சரிவுக்கு என் நெஞ்சு படபடத்தது. கற்பனை பிள்ளைகளோடு போய்விடும் என்று நினைக்கிறோமே, அது எங்கேயும் போகவில்லை. கவனிக்க ஆள் இல்லாமல் கவலைக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஆசிரியர் கலாசாலையில் வைகொட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளரைப் படித்தோம். கற்பனை அனுபவத்தை எடுத்துத்தான் கட்டுகிறது, ஆகவே பிள்ளையின் கற்பனையைவிடப் பெரியவரின் கற்பனையே வளமானது என்று அவர் 1930இல் எழுதினார். அப்போது பரீட்சைக்காகப் பாடமாக்கியது. அம்மாவின் நான்காவது செடிக்குப் பிறகுதான் அது எனக்குள் இறங்கியது. ஆறு வயதுப் பிள்ளையிடம் முப்பத்தாறு வருடத்து மலை ஏது?

எல்லோருக்கும் படமாகத் தெரிய வேண்டும் என்றில்லை. எங்கள் ஊர் ஆட்டோக்காரத் தம்பி ஒருவர், "கண்ணை மூடினால் எனக்கு இருட்டுத்தான் சேர், வேறு ஒன்றும் வராது" என்றார். அவரிடம் குறை ஒன்றும் இல்லை. 1880இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் என்பவர், காலையில் சாப்பிட்ட மேசையை மனதில் கொண்டுவந்து சொல்லுங்கள் என்று பலரிடம் கேட்டபோதே, சிலர் ஒன்றுமே தெரியவில்லை என்றார்கள். 2015இல் ஆடம் சீமன் என்ற நரம்பியல் மருத்துவர் அந்த நிலைக்கு அஃபன்டேசியா என்று பெயர் வைத்தார். ஆட்டோத் தம்பிக்குப் படம் வராது, தப்பு மேளச் சத்தம் வரும். மாசிக் கூத்தின் அடியை விரலால் கைப்பிடியில் தட்டிக்கொண்டே ஹட்டன் வரைக்கும் போய்விடுவார்.

மாசியில் ஆடும் அந்தக் காமன் கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. பகலெல்லாம் கவ்வாத்து வெட்டியவர், உரம் போட்டவர், இரவில் மதனாகிறார், ரதியாகிறார், எமனாகிறார். மதன் எரிந்தால் ரதியோடு சேர்ந்து முழு லயமும் அழும். பிறகு அவன் எழுந்து வருவான். என் சின்ன வயதில் அதில் ஆடிய யாரும் சிறுவர் இல்லை, எல்லோரும் பிள்ளைகுட்டிக்காரர். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய எங்கள் நாட்டுப் பாடல்களும் அப்படித்தான். அவற்றைக் கட்டியவர்களுக்கு வேலை நேரம் போக மிச்ச நேரம் என்று ஒன்று இருந்ததில்லை.

கற்பனை என்றால் பணக்காரனானதாக நினைத்துக்கொள்வது என்று சிலர் கற்றுக்கொடுக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஷெல்லி டெய்லர் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வுக்குழு, பரீட்சைக்கு முன் மாணவரில் ஒரு பகுதியினரை நல்ல புள்ளி கிடைத்ததாகவும் இன்னொரு பகுதியினரைத் தாங்கள் உட்கார்ந்து படிப்பதாகவும் கற்பனை செய்யச் சொன்னது. படிப்பதை நினைத்தவர்களே நேரத்தோடு தொடங்கி, கூடுதலாகப் புள்ளி எடுத்தார்கள். 1999இல் அது வெளியானது.

எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஓர் அரச அலுவலகத்துக்கு ஒரு பத்திரம் விஷயமாக இரண்டு தரம் போய், வாயைத் திறக்காமலே திரும்பி வந்துவிட்டார். அங்கே இருந்தவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லையாம். மூன்றாம் தரத்துக்கு முதல்நாள் எங்கள் வீட்டு முன் இஸ்தோப்பில் உட்கார வைத்து, நடந்து காட்டச் சொன்னேன், மனதுக்குள். கேட்டைத் தாண்டுங்கள். எத்தனை பேர் வரிசையில்? பத்திரம் எந்தக் கையில்? அவர் நிமிரவில்லை, இப்போது என்ன சொல்லுவீர்கள்? "ஐயா, கொஞ்சம் பாருங்க" என்றார் தங்கச்சி, சுவரைப் பார்த்து. சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னார். ஐந்தாவது தரம் உள்ளேயிருந்து அம்மா, "என்ன புள்ள?" என்று கேட்டார். மறுநாள் பதினொரு மணிக்கெல்லாம் முத்திரை குத்திய பத்திரத்தோடு தங்கச்சி வந்து நின்றார்.

"பத்தடிக் காம்பராவில் ஆறு பேர் படுக்கிறோம், கற்பனை எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு: 2024இல் 1350 ரூபாயாக இருந்த அடிப்படை நாட்சம்பளத்தை வைத்துக் குடும்பம் நடத்தியது எப்படி என்று எனக்கும் தெரியும். வீடும் காணியும் சம்பளமும் போராடியே வாங்க வேண்டியவை. எச்சரிக்கை வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறத்தான் வேண்டும். நானும் பின்பக்கத் தண்ணீர்க் கானை வெட்டி, அடையாள அட்டைகளைப் பொலித்தீனில் சுற்றிக் கதவோரம் வைத்த பிறகுதான் கண்ணை மூடுகிறேன். சொந்தங்களை மண்ணில் இழந்தவர்களுக்கு இது மருந்தாகாது. அவர்கள் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும், 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்குப் பேசலாம். நான் சொல்வது மற்ற இரவுகளைப் பற்றி. மழை பெய்தால் இப்போது நான் முதன்முதலாகப் படிப்பித்த பாடசாலையின் கதவைத் திறந்து, வாங்குகளை ஒவ்வொன்றாக வரிசையில் போடத் தொடங்குகிறேன். எல்லா இரவும் பலிப்பதில்லை. பலிக்கிற இரவுகள் கூடி வருகின்றன.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அரைப் பக்கம் போதும். பரிசு வேண்டாம், போட்டி வேண்டாம். "நீங்கள் நடந்த ஒரு வழியை, விரும்பியபடி திருத்தி எழுதுங்கள்" என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, வீட்டுப் பிள்ளைகள் எழுதி அனுப்பட்டும். முதல் வாரத்துக்கு நான் ஒன்று அனுப்புகிறேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு பக்கம் வந்துவிட்டது, இன்னும் நாங்கள் கல்லுப் பாலத்துக்கு வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
வட்டகொடை.