நடுவில் ஒன்றுமில்லை என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் வெளியான ஸ்பெயின் பயணக் கட்டுரையில், மத்ரித்திலிருந்து பார்சிலோனாவுக்கு அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம் என்றும், நடுவில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றும் எழுதப்பட்டிருந்தது. முதல் செய்தி சரி. இரண்டாவதை மறுப்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மே மாதத்தில் நானும் என் கணவரும் மத்ரித்தில் ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு, அந்த ரயில் பாதைக்கு வடக்கே கிடக்கும் சோரியா மாகாணத்துக்குப் புறப்பட்டோம். சோரியா நகரம் சுமார் 230 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நெடுஞ்சாலையை விட்டு இறங்காதவர்கள் இரண்டரை மணி நேரத்தில் சேர்ந்துவிடுவார்கள். எங்களுக்கு ஐந்து நாள் பிடித்தது.

முதல் இரவு சிகுவென்சாவில் தங்கினோம். அவ்வூர்ப் பேராலயத்தை முதலில் கோட்டை என்றே நினைத்தேன். கோபுரங்களின் உச்சியில் மதில் பற்கள் இருக்கின்றன. உள்ளே, 1486-இல் கிரனாதாப் போரில் உயிர்விட்ட இளம் வீரன் ஒருவனின் கல்லறை உள்ளது. கல்லறைச் சிலைகள் வழக்கமாகக் கண்மூடிக் கைகூப்பிக் கிடக்கும். இவனோ ஒரு முழங்கையை ஊன்றிக் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்தபடி, விரித்த புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறான். அவனைப் பார்த்துக்கொண்டு நின்றதில் மதியச் சாப்பாட்டு நேரம் தவறிப்போனது.

மறுநாள் மெதினாசெலி மேட்டில் ஏறி அங்குள்ள ரோமானிய வளைவைப் பார்த்துவிட்டு, பெர்லாங்கா தெ துவேரோ என்ற சிற்றூருக்குச் சென்றோம். அங்குள்ள பெரிய தேவாலயத்தில் பதப்படுத்திய முதலை ஒன்று தொங்குகிறது. 1535-இல் கலாபகோஸ் தீவுகளைக் கண்ட ஆயர் இவ்வூரில் பிறந்தவர். அந்த முதலை அமெரிக்காவிலிருந்து அவர் கொண்டுவந்தது என்கிறார்கள்.

ஆனால் இந்தப் பயணத்தில் என்னை மிகவும் பாதித்த இடம், பெர்லாங்காவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஆளில்லாத மேட்டில் நிற்கும் சான் பாவ்தேலியோ என்ற பதினோராம் நூற்றாண்டுச் சிறு தேவாலயமே. வெளியிலிருந்து பார்த்தால் தானியக் கிடங்கு போலத்தான் இருக்கும். குதிரை லாட வடிவ வாசலில் நுழைந்ததும் நடுவில் ஒற்றைத் தூண். அதன் உச்சியிலிருந்து பேரீச்சை மட்டைகளைப் போல எட்டு வளைவுகள் விரிந்து கூரையைத் தாங்குகின்றன. 1917-இல் இதைத் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். இருந்தும் 1922-இல், அதன் உரிமையாளர்களாக இருந்த ஊர்க்காரர்களிடமிருந்து ஒரு கலைப்பொருள் வணிகர் சுவரோவியங்களை விலைக்கு வாங்கினார்; அந்த விற்பனை குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, விற்றவர்களுக்குச் சாதகமாகவே முடிந்தது. 1926-இல் ஓவியங்களை உரித்தெடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அவற்றில் ஆறு மட்டும் 1957-இல் மத்ரித்தின் பிராதோ அருங்காட்சியகத்துக்குத் திரும்பின. அதற்கு ஈடாக, செகோவியா மாகாணத்து புவெந்திதுவேன்யா என்ற ஊரின் தேவாலயக் கருவறைப் பகுதியைச் சுமார் 3,300 கற்களாகப் பிரித்து நியூயார்க்குக்குக் கொடுத்தார்கள். ஓர் ஊரின் இழப்பை இன்னோர் ஊரின் இழப்பால் ஈடு கட்டிய இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. சான் பாவ்தேலியோவின் சுவர்களிலோ, உரித்த பிறகும் ஒட்டியிருந்த நிறம் மங்கலாக இன்னும் தெரிகிறது. முதுகில் அம்பாரிபோல ஒரு கோட்டையைச் சுமந்த யானையை அங்கே தடமாகப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பும் முன் பிராதோவில் அதே யானையை முழு நிறத்தில் பார்த்தோம்.

துவேரோ ஆற்றுக்கு மேலே, ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான சுற்று மதிலோடு கோர்மாஸ் கோட்டை நிற்கிறது. பத்தாம் நூற்றாண்டில், தெற்கே கோர்தோபாவிலிருந்து ஆண்ட முஸ்லிம் மன்னர்களான கலிபாக்கள் எழுப்பியது. மாலையில் ஒரு மணி நேரம் அதற்குள் நடந்தோம். எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. கலத்தன்யாசோர் என்ற சிற்றூரில் ஒரே தெரு, அதுவும் உருளைக்கல் பாவிய ஏற்றம். மரத்தூண்கள் தாங்கும் மண் சுவர் வீடுகள், கூம்பு வடிவப் புகைபோக்கிகள், தலைக்கு மேலே வட்டமிடும் கழுகுகள். அந்தக் கோர்தோபா அரசின் தளபதி அல்மன்சோர் இங்கே தோற்றுத் தன் முரசை இழந்ததாக ஊரார் சொல்கிறார்கள்; வரலாற்றாசிரியர்கள் பலர் அந்தப் போரையே நம்புவதில்லை.

கட்டுரையாளர் 'ஒன்றுமில்லை' என்றதற்கு ஒரு நியாயம் உண்டு: அங்கே ஆட்கள் இல்லை. இம்மாகாணத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேருக்கும் குறைவாகவே வாழ்கிறார்கள். 1950, 60களில் பிழைப்புக்காக நகரங்களுக்குப் போனவர்களின் வீடுகள் இன்றும் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு கிராமத்தில், தேவாலயச் சாவி எதிர் வீட்டில் இருப்பதாகக் கதவில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. கையில் மாவு ஒட்டியிருக்க ஒரு மூதாட்டி வந்து திறந்துவிட்டார். ஆகஸ்ட் திருவிழாவுக்கு மட்டும் எல்லோரும் வருவார்கள் என்று சைகையும் ஸ்பானியமுமாகச் சொன்னார். காரைக்குடிக்காரியான எனக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

எனவே இவ்வூர்களைப் பற்றி எழுதும்போது, காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பாமல் அங்கேயே ஓர் இரவு தங்கிச் சாப்பிடும்படி வாசகர்களுக்குச் சொல்லுங்கள். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதியும் வேண்டும். இரண்டு மணிக்கு மூடும் கடைகள் ஐந்து மணிக்குத்தான் திறக்கும். பழைய ரொட்டியை உதிர்த்துப் பூண்டோடு வதக்கும் மிகாஸ் நம் இட்லி உப்புமாவுக்கு உறவுதான் என்றாலும், பெரும்பாலும் பன்றி இறைச்சி கலந்தே வரும் என்பதால் சைவ உணவுக்காரர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்த முறை ஸ்பெயின் வரைபடத்தை அச்சிடும்போது, மத்ரித்துக்கு வடகிழக்கே வெறுமையாக விட்டிருந்த இடத்தில் பெர்லாங்கா என்ற ஒரு பெயரையாவது சேர்க்க வேண்டுகிறேன். கூடவே, சான் பாவ்தேலியோவுக்குத் திங்கட்கிழமை போக வேண்டாம் என்ற குறிப்பையும் போடுங்கள். நாங்கள் முதலில் போனது ஒரு திங்கட்கிழமை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
காரைக்குடி